கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் என்ன கொறிக்கலாம்: ரிப்போர்ட்டிலிருந்து டீக்கடை வரை ஒரு முழு வழிகாட்டி

நாள்பட்ட சிறுநீரக நோய் என்று தெரிந்ததும் கையில் தரும் உணவுத் தாளில் காலை, மதியம், இரவு மூன்று வேளைக்கும் ஓரளவு தெளிவான பதில் இருக்கும். இட்லி இத்தனை, சோறு இவ்வளவு, காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடு என்று. ஆனால் பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் வருகிற பசிக்கு அந்தத் தாளில் பெரும்பாலும் ஒரே வரிதான்: டீ, மேரி பிஸ்கட் 2. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் யாராலும் ஓட்ட முடியாது. கொஞ்ச நாளில் மிக்சர் டப்பா திறக்கும், இல்லையென்றால் பயந்துபோய் எதையுமே தொடாமல் உடம்பு இளைக்கும். இரண்டுமே கெடுதல்தான், இளைப்பது இன்னும் கெடுதல்.

என் அம்மாவுக்குச் சமைத்துப் போட்டும், உணவியல் நிபுணரிடம் திரும்பத் திரும்பக் கேட்டும் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது உங்கள் மருத்துவர் சொன்னதற்கு மாற்று கிடையாது. அவர் குறித்துக் கொடுத்த அளவு ஏதாவது இங்கே உள்ளதோடு முரண்பட்டால் அவர் சொன்னதுதான் சரி, ஏனென்றால் அவர் உங்கள் ரத்தத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

முதல் படி: கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து வையுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ரிப்போர்ட். அதில் ஈ.ஜி.எஃப்.ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்), பொட்டாசியம், பாஸ்பரஸ், அல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) இந்த நாலும் வேண்டும், சர்க்கரை நோயும் இருந்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி. ஈ.ஜி.எஃப்.ஆர் 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்லிவிடுவார்கள். 30-லிருந்து 59 வரை மூன்றாம் நிலை, 15-லிருந்து 29 வரை நான்காம் நிலை, 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. பொட்டாசியம் பெரும்பாலான லேப்களில் 3.5 முதல் 5.0 வரை இயல்பு என்று போட்டிருக்கும், பாஸ்பரஸ் 2.5 முதல் 4.5 வரை.

கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று கேட்டவுடனே வாழைப்பழம், இளநீர், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வீட்டில் தடை செய்துவிடுகிறார்கள். பொட்டாசியம் 4.3 உள்ள ஒருவருக்கு இதற்கு எந்த அவசியமும் இல்லை. 5.8 உள்ளவருக்கு அவசியம், அதுவும் உடனே. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு கிட்னி பிரச்சினை இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள், இந்த வழிகாட்டி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

பொட்டாசியம் திடீரென்று ஏறியிருந்தால் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரைகள் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும், கிட்னியையும் இதயத்தையும் காப்பதற்காகவே அவற்றைக் கொடுத்திருப்பார்கள் என்பதால் நீங்களாக நிறுத்தவும் கூடாது. மலச்சிக்கல் இருந்தாலும் ஏறும், கிட்னி தளர்ந்தவர்களுக்குக் குடல் வழியாக வெளியேறும் பொட்டாசியம் ஒரு பெரிய பங்கு. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துபோனால்கூட எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டுமா என்று கேட்பதில் தவறில்லை. எண் 6-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் இந்த யோசனை எதுவும் வேண்டாம், நேராக மருத்துவமனை. உயர்ந்த பொட்டாசியம் பல சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் இதயத் துடிப்பைக் குழப்பிவிடும்.

இரண்டாவது படி: நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்

டயாலிசிஸ் இல்லாமல் மருந்தில் இருப்பவர்களுக்குப் புரதம் அளவோடு வேண்டும், உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம், சிலருக்கு மருத்துவர் அதைவிடக் குறைவாகவும் சொல்வார். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 48 கிராம். மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே அது வந்துவிடும், எனவே சாயங்காலம் புரதத்துக்காகத் தனியாக எதுவும் தேட வேண்டாம்.

டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிவிடும், இதைத்தான் பல வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஹீமோடயாலிசிஸில் புரதத்தின் ஒரு பகுதி வெளியேறிவிடுவதால் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் தேவைப்படுகிறது. அதே 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். முன்பு பருப்பைக் குறை, முட்டையைக் குறை என்று சொல்லிப் பழகிய வீட்டில் அதே பழக்கம் தொடர்வதால் அல்புமின் இறங்கி, கால் வீங்கி, படியேற முடியாமல் ஆகிறார்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு மாலைத் தின்பண்டம் என்பது புரதம் சேர்க்கக் கிடைக்கும் நல்ல நேரம்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வயிற்றுக்குள் விடும் திரவத்திலிருந்தே சர்க்கரை உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கும், ஆகவே இனிப்புப் பலகாரம் அவர்களுக்குத் தேவையே இல்லை. தினமும் செய்வதால் பொட்டாசியக் கட்டுப்பாடு பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும், சிலருக்குக் குறைந்துபோவதும் உண்டு. மாற்று சிறுநீரகம் வைத்தவர்கள் தெருவோர வெட்டிய பழம், வேகாத முளைகட்டிய பயறு இரண்டையும் ஒதுக்க வேண்டும், அப்புறம் கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் பக்கமே போக வேண்டாம், மாற்று சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

மூன்றாவது படி: உப்பு, இதற்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது

பொட்டாசியம் ஆளுக்கு ஆள் மாறும், புரதம் மாறும், உப்பு கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான். நாளுக்குச் சோடியம் 2 கிராமுக்குள், அதாவது சாதாரண உப்பாக 5 கிராமுக்குள், தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. இதில் சாம்பார், பொரியல், இட்லி மாவு, சட்னி எல்லாம் அடக்கம். இதையெல்லாம் போட்டபின் தின்பண்டத்துக்கு என்று மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம். ஒரு தடவை கொறிப்பதில் சோடியம் 150 மி.கி.க்குள் இருக்கட்டும் என்று நான் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றுவது எல்லோருக்கும் தெரியும். அதைவிட அன்றாடத் தொல்லை தாகம். டயாலிசிஸ் நோயாளி ஒருவர் ஒரு கை மிக்சர் சாப்பிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்பார், அடுத்த டயாலிசிஸுக்கு எடை ஏறிப்போய் நிற்பார், அதை இழுத்தெடுக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து கால் நரம்பு இழுக்கும். தண்ணீரைக் குறை என்று அவரைத் திட்டுவதைவிட மிக்சரை மாற்றுவது இரக்கமானது, பலனும் அதில்தான்.

இந்துப்பு கிட்னிக்கு நல்லது என்று நம்பி வாங்குகிறார்கள். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், கடல் உப்புக்கும் அதற்கும் சோடியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே கடையில் பக்கத்திலேயே ‘சோடியம் குறைந்த உப்பு’ என்ற பாக்கெட்டும் இருக்கும், அது அதைவிட ஆபத்து. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த வகை உப்புகளைப் பற்றிப் பரிந்துரை வெளியிட்டபோதுகூட, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கியே வைத்தது. வீட்டில் ரத்த அழுத்தத்துக்காக வேறு யாராவது அந்த உப்பைப் பயன்படுத்தினால் டப்பாவைத் தனியாக வையுங்கள்.

உப்பு போடாமலே உப்பு ஏறும் இன்னொரு வழி சமையல் சோடா. ஒரு டீஸ்பூன் சோடாவில் சுமார் 1,250 மி.கி. சோடியம் இருக்கிறது. கடை பஜ்ஜி, போண்டா, மைசூர் பாக், பிஸ்கட், அப்பளத்தில் போடும் அப்பளக்காரம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அப்பளமும் மோர் மிளகாயும் வடகமும் எண்ணெயில் பொரித்தாலும் சுட்டாலும் சோடியம் குறையாது.

நான்காவது படி: பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்தில் ‘மல்ட்டிகிரெய்ன்’, ‘டயட்’, ‘பேக்டு’, ‘நோ மைதா’ என்று என்ன எழுதியிருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். பின்பக்க அட்டவணையில் சோடியம் என்ற வரி கட்டாயம் இருக்கும். பல நேரம் 100 கிராமுக்குப் போட்டிருப்பார்கள், அங்கேதான் ஏமாறுவோம். 100 கிராமில் 700 மி.கி. என்று இருந்து நீங்கள் 50 கிராம் சாப்பிட்டால் 350 போய்விட்டது, அன்றைய பங்கில் ஆறில் ஒன்று ஒரு டீயோடு காலி. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு அளவு வரும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

பொட்டாசியமும் பாஸ்பரஸும் அட்டவணையில் போட வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை, அதனால் சேர்மானப் பட்டியலை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டியிருக்கிறது. எது அதிகமோ அது முதலில் வரும் என்ற வரிசையில்தான் அச்சிடுவார்கள். அதில் ‘பாஸ்பேட்’ என்று முடியும் எதையும், அல்லது ஐ.என்.எஸ் (சேர்மானப் பொருட்களுக்கான சர்வதேசக் குறியீட்டு எண்) 338, 339, 340, 341, 450, 451, 452 என்ற எண்களையும் பார்த்தால் திரும்ப அலமாரியில் வையுங்கள். 508 என்றால் பொட்டாசியம் குளோரைடு. 500 என்றால் சோடா. 621 என்றால் மோனோசோடியம் குளுட்டமேட், அதிலும் சோடியம் உண்டு. இந்த எண்களை ஒரு சின்னத் தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டால் போதும், கடையில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

பாஸ்பேட் சேர்மானத்தை இவ்வளவு பயந்து சொல்லக் காரணம் இருக்கிறது. பயறு, கடலை, தானியங்களில் உள்ள பாஸ்பரஸ் ஃபைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது, நம் குடலால் அதில் பாதிகூட உறிஞ்ச முடியாது. பால், முட்டை, கறியில் உள்ளது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஒரே அளவு பாஸ்பரஸ்தான் என்றாலும் உங்கள் எலும்புக்கும் ரத்தக் குழாய்க்கும் அதன் விளைவு வேறு. அதனால்தான் ‘சுண்டல் கூடாது, பிஸ்கட் சாப்பிடுங்கள்’ என்ற பழைய அறிவுரையை நான் அப்படியே ஏற்பதில்லை. பொட்டாசியம் இயல்பாக உள்ள ஒருவருக்கு, உப்புக் குறைவாகச் செய்த அரை கப் சுண்டல் அந்த நாலு பிஸ்கட்டைவிட எவ்வளவோ மேல்.

கறுப்பு நிற கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. மால்ட் பானங்கள், சாக்லேட் பவுடர்கள், ‘சீஸ்’ என்ற பெயரில் தூவும் மசாலாக்கள், உறைய வைத்த நக்கெட், சாசேஜ் இவற்றில் பாஸ்பேட் சேர்ப்பது சகஜம். இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அந்த மசாலாப் பொட்டலம் ஒன்றே அன்றைய சோடியத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

ஐந்தாவது படி: பொட்டாசியத்தை அளவில் பிடியுங்கள்

பொட்டாசியம் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் மட்டும் இதை உன்னிப்பாகப் படியுங்கள், மற்றவர்கள் மேலோட்டமாகப் பார்த்தால் போதும். ஒரு தடவைத் தின்பண்டத்தில் 200 மி.கி.க்குள் இருந்தால் அதைக் குறைந்த பொட்டாசியம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழங்களில் ஆப்பிள், அன்னாசி, பேரிக்காய், தர்பூசணி எல்லாம் 100 கிராமுக்கு 110 மி.கி. அக்கம்பக்கம். பப்பாளி, ஆரஞ்சு, திராட்சை, சப்போட்டா 180-லிருந்து 195 வரை, மாதுளை 235. வாழைப்பழம் 360. ஆனால் யாரும் 100 கிராம் என்று எடை போட்டுச் சாப்பிடுவதில்லை. சின்ன ஏலக்கிப் பழம் ஒன்றில் உரித்தபின் 50 கிராம்தான் தேறும், 180 மி.கி.; பெரிய நேந்திரம் ஒன்று அதைப் போல மூன்று நான்கு மடங்கு. தர்பூசணியில் பொட்டாசியம் குறைவு என்று பாதிப் பழத்தைச் சாப்பிட்டால் பொட்டாசியமும் ஏறும், தண்ணீர்க் கணக்கும் போகும். பழம் ஒரு சின்னக் கப், ஒரே வகை, ஜூஸாக அடிக்காமல், இவ்வளவுதான் விதி. ஜூஸ் என்றால் மூன்று பழம் ஒரு டம்ளருக்குள் போய்விடும்.

இளநீர்தான் பெரிய சண்டை. ஊரே இளநீரைக் கிட்னிக்கு மருந்து என்கிறது. 100 மில்லியில் சுமார் 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம், ஒரு காயில் 300 மில்லி இருந்தால் 600-ஐத் தாண்டும். பொட்டாசியம் ஏறியிருக்கும்போது வெறும் வயிற்றில் ஒரு இளநீர் குடிப்பது மிக ஆபத்து. வாழைத்தண்டுச் சாறும் அப்படித்தான். கல்லடைப்புக்குச் சொல்லும் வைத்தியத்தையும் கிட்னி தளர்ச்சிக்குச் சொல்லும் வைத்தியத்தையும் நம் ஆட்கள் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள், இரண்டும் ஒரே உறுப்பு என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை.

உலர்ந்த எதுவும் பொட்டாசியத்தைச் சுருக்கி வைத்தது. திராட்சை உலர்ந்து கிஸ்மிஸ் ஆகும்போது 100 கிராமுக்கு 750 மி.கி. ஆகிவிடுகிறது, பேரீச்சை 650-க்கு மேல், முந்திரி பாதாம் வேர்க்கடலை எல்லாம் 650-லிருந்து 730 வரை. சர்க்கரையைவிட நல்லது என்று வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் மாறியிருப்பீர்கள். வெள்ளைச் சர்க்கரையில் பொட்டாசியம் கிட்டத்தட்ட இல்லை, வெல்லத்தில் 100 கிராமுக்குச் சில நூறு மி.கி.யிலிருந்து ஆயிரம் வரை இருக்கிறது. பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டிய ஒருவர் கருப்பட்டிக் கடலை மிட்டாய் சாப்பிடுவதில் உடல்நலத்துக்கு ஏற்றது எதுவும் இல்லை.

இதே கதைதான் சிறுதானியத்துக்கும். கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 440 மி.கி. பொட்டாசியம், 200-க்கு மேல் பாஸ்பரஸ். வெள்ளை அரிசியில் இரண்டுமே 100 பக்கம்தான். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு எதெல்லாம் நல்லது என்று பத்து வருஷமாகக் கேட்டுப் பழகினோமோ அதெல்லாம் கடைசிக் கட்டத்தில் யோசித்துச் சாப்பிட வேண்டியதாகிறது. மூன்றாம் நிலையில் பொட்டாசியம் சரியாக உள்ளவர் ராகி அடை தாராளமாகச் சாப்பிடலாம். ஐந்தாம் நிலையில் சத்துமாவுக் கஞ்சி வேண்டாம்.

வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் பொட்டாசியம் நன்றாகவே குறையும். சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஆவியில் வேகவைத்தாலோ குக்கரில் அளவாகத் தண்ணீர் விட்டு வற்ற விட்டாலோ எங்கும் போகாது. எண்ணெயில் பொரித்தாலும் அப்படியே இருக்கும், அதனால்தான் உருளைக்கிழங்கு சிப்ஸ், நேந்திரம் சிப்ஸ் இரண்டும் உப்பும் பொட்டாசியமும் சேர்ந்த கெட்ட கூட்டு.

ஆறாவது படி: சரி, அப்படியானால் எதைத்தான் சாப்பிடுவது

வீட்டில் செய்வதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உப்பு நம் கையில் இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

எல்லா நிலையிலும் கை கொடுப்பது அவலும் அரிசியும் ரவையும். அவலைக் கழுவி, வெங்காயம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து, உப்பு வழக்கத்தில் பாதி போட்டு, இறக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது, இதை எல்லாப் பலகாரத்திலும் பயன்படுத்தலாம்: எலுமிச்சை, மிளகு, சீரகம், ஓமம், பெருங்காயம், பச்சைக் கொத்தமல்லி. இடியாப்பத்தில் கொஞ்சம் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும், மினி இட்லியில் நெய்யும் மிளகும், உப்பில்லாத அரிசி மாவில் காரக் கொழுக்கட்டை. இட்லிப் பொடியைத் தவிர்த்துவிடுங்கள், அதில் உப்பும் பருப்பும் இரண்டும் அடர்த்தி.

பொரி வாங்கும்போது வாயில் இரண்டு போட்டுப் பாருங்கள், உப்புக் கரித்தால் வேண்டாம். பொரி செய்யும்போதே அரிசியில் உப்புநீர் சேர்ப்பது வழக்கம், ஊருக்கு ஊர் அளவு மாறும். உப்பில்லாத பொரி கிடைத்தால் அதைப்போல ஒரு நல்ல தின்பண்டம் வேறு இல்லை. வெங்காயம், வெள்ளரிக்காய், கொஞ்சம் மாங்காய்த் துருவல், அரை ஸ்பூன் எண்ணெய், எலுமிச்சை. பொட்டுக்கடலை சேர்க்காதீர்கள், சேர்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு டீஸ்பூன்.

உடம்பு இளைத்து, சாப்பாடு இறங்காமல், ஆனால் சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்கு ஜவ்வரிசி பெரிய உதவி. அதில் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் மூன்றும் கிட்டத்தட்ட இல்லை, வெறும் மாவுச்சத்து. கொஞ்சம் பால் விட்டுச் சர்க்கரை போட்ட ஜவ்வரிசிப் பாயசம், அல்லது வெங்காயம் தாளித்த ஜவ்வரிசி உப்புமா. ஜவ்வரிசி வத்தல் மட்டும் உப்பு நிறைந்தது, வேண்டாம்.

சுண்டல்: கடலையை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் நிறைய விட்டு வேகவைத்து, அதையும் வடித்துவிடுங்கள். வேகும்போது உப்பு போடாதீர்கள். தாளித்தபின் மேலாக ஒரு சிட்டிகை தூவினால் நாக்கில் நேராகப் படும், குறைவாகவே போதும். அரை கப்பில் ஏழு கிராம் புரதம், 240 மி.கி. பொட்டாசியம் பக்கம் வரும். நவராத்திரி ஒன்பது நாளும் பக்கத்து வீட்டிலிருந்து வரும் சுண்டலைத் திருப்பி அனுப்ப முடியாது, இரண்டு ஸ்பூன் வாங்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள், மீதியை வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுங்கள். வேர்க்கடலை ஆசைப்பட்டால் வறுத்ததைவிட உப்பில்லாமல் தண்ணீரில் அவித்து வடித்தது மேல்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை அவித்த முட்டையின் வெள்ளைக்கரு. ஒன்றில் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் பெயருக்குத்தான். இரண்டு வெள்ளைக்கருவை நறுக்கி வெங்காயம் மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தால் சாயங்காலம் ஏழு கிராம் புரதம் போய்ச் சேர்ந்துவிடும். பாஸ்பரஸ் எல்லாம் மஞ்சளில்தான் இருக்கிறது. சைவம் என்றால் வீட்டில் திரித்த உப்பில்லாத பன்னீர் இரண்டு துண்டு, அல்லது மேலே சொன்ன மாதிரி வடித்த சுண்டல். பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடச் சொல்லியிருப்பார்கள்; முட்டை, பன்னீர், சுண்டல் என்று பெரிதாகச் சாப்பிடும் மாலை வேளைக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டு வையுங்கள்.

தீபாவளி முறுக்கை நாமே பிழியலாம். பச்சரிசி மாவு அதிகம், உளுந்து குறைவு, உப்பு கால் பங்கு, சோடா இல்லை, ஓமமும் சீரகமும் வெண்ணெயும் தாராளம். உப்பு போதவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள், அவர்களுக்குத் தனி ஈடு.

இனி டீக்கடை. நண்பர்களோடு நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்தை யாரிடமிருந்தும் பறிக்க நான் சொல்ல மாட்டேன். பஜ்ஜி என்றால் வாழைக்காய், உருளைக்கிழங்கு வேண்டாம், வெங்காய பஜ்ஜி ஒன்று. வடை என்றால் ஒன்று, சட்னி சாம்பாரில் முக்காமல், அவற்றில்தான் உப்பு அதிகம். சமோசாவைவிட இனிப்பு பன் எவ்வளவோ பரவாயில்லை. டீ சின்னக் கிளாஸ், பாலில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் உண்டு என்பதால் நாளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேலம் பக்கம் இருப்பவர்கள் தட்டுவடை செட் கேட்கும்போது பீட்ரூட்டைக் குறைத்து வெங்காயம் போடச் சொல்லலாம், சட்னி பெயருக்கு.

ரயில், பஸ் பயணத்துக்குக் கையில் ஒரு டப்பா எடுத்துப் போவதைத் தவிர வேறு நல்ல வழி தெரியவில்லை. உப்பில்லாத பொரி, ஒரு ரொட்டித் துண்டில் உப்பில்லாத வெண்ணெயும் ஜாமும், ஒரு ஆப்பிள். ரொட்டியிலும் துண்டுக்கு 120 முதல் 150 மி.கி. சோடியம் இருக்கிறது, அதனால் ஒரு தடவைக்கு ஒன்றோடு சரி. மணப்பாறையில் வண்டி நின்றால் முறுக்கு வாங்கத் தோன்றும், ஒன்றை உடைத்துப் பாதி.

ஏழாவது படி: சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால்

நம்மிடம் கிட்னி பாதிக்கப்பட்டவர்களில் பெரும் பங்கு சர்க்கரை நோயாளிகள். சர்க்கரைக்குக் கொடுத்த தாள் முழுத் தானியம், பயறு, கொட்டை என்கிறது. கிட்னிக்குக் கொடுத்த தாள் வெள்ளை அரிசி, ஜவ்வரிசி என்கிறது. குழம்பிப்போகாமல் என்ன செய்வது? பொட்டாசியம் இயல்பாக இருக்கும்வரை சர்க்கரைத் தாளைப் பின்பற்றி உப்பை மட்டும் குறையுங்கள். பொட்டாசியம் ஏறினால் அளவைச் சின்னதாக்கி, வெள்ளரிக்காய், சௌசௌ, சுரைக்காய் மாதிரிக் காய்களை அவல் உப்புமாவிலும் ரவை கிச்சடியிலும் பாதிக்குப் பாதி சேருங்கள்; சுரைக்காய் அடை அருமையாக வரும்.

கிட்னி தளரும்போது இன்சுலின் உடம்பை விட்டு வெளியேறத் தாமதமாகும், அதனால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அதிகம். வியர்த்து, கை நடுங்கி, 70-க்குக் கீழே காட்டினால் ஆரஞ்சு ஜூஸோ இளநீரோ கொடுக்காதீர்கள், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை வேலை செய்யத் தாமதமாகும், வெறும் குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடிக்கடி இப்படி இறங்கினால் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், தின்பண்டத்தைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள்.

தொடவே கூடாதவை

ஸ்டார் ஃப்ரூட் என்கிற நட்சத்திரப் பழம். இப்போது சூப்பர் மார்க்கெட்டிலும் மலைப் பகுதிச் சாலையோரத்திலும் கிடைக்கிறது. அதில் உள்ள கராம்பாக்ஸின் என்ற நச்சை நல்ல கிட்னி வெளியேற்றிவிடும், தளர்ந்த கிட்னியால் முடியாது. நிற்காத விக்கலில் தொடங்கி, மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது. ஒரு துண்டுகூட வேண்டாம், நோய் எந்த நிலையில் இருந்தாலும். அதன் உறவான, கேரளத்தில் இரும்பன் புளி என்று சொல்லும் பிலிம்பியின் சாறும் ஆக்சலேட் மிகுதியால் கிட்னியைத் திடீரென்று செயலிழக்க வைத்திருக்கிறது, கொழுப்பைக் குறைக்கும் என்று குடித்தவர்கள் அவர்கள்.

டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும் முதல் மணி நேரத்தில் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம், மெஷின் எடுத்துவிடும் என்ற நம்பிக்கை வார்டுகளில் பரவலாக இருக்கிறது. சாப்பிட்டது செரித்து ரத்தத்துக்கு வர நேரம் பிடிக்கும், அதற்குள் மெஷினைக் கழற்றிவிடுவார்கள், பொட்டாசியம் வீட்டுக்குப் போனபிறகு ஏறும். சிலருக்கு மெஷினில் இருக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட்டாலே ரத்த அழுத்தம் இறங்கிவிடும்.

கடைசிப் படி: மாற்றியபின் சரிபாருங்கள்

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாளில் சாப்பாட்டுக்கு நடுவே வாயில் போட்ட எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு துண்டு மாங்காய், பேரக்குழந்தை மீதம் வைத்த சிப்ஸ், கோயில் பிரசாதம் எல்லாம். யாரும் திட்டக் கூடாது என்று வீட்டில் முன்பே பேசி வையுங்கள், திட்டினால் உண்மை எழுத மாட்டார்கள். அந்த நோட்டையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உணவியல் நிபுணரிடம் காட்டுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் கேட்டால் பார்க்க அனுப்புவார்கள். பொட்டாசியம் இறங்கி இயல்புக்கு வந்திருந்தால் நிறுத்தி வைத்ததில் எதையாவது திரும்பச் சேர்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள், ஏனென்றால் தடையைப் போடும்போது சொல்கிறவர்கள் அதை எடுக்கும்போது சொல்ல மறந்துவிடுகிறார்கள். எடை இரண்டு மூன்று மாதத்தில் காரணமில்லாமல் இறங்கிக்கொண்டே போனால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் முன்பே போய்க் காட்டுங்கள்.